பூட்டிக் கிடந்த நீல இஞ்சின்

நானுஓயா
12 பெப்ரவரி 2025

ரஸீனாவுக்கு,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் இந்தக் கடிதம் இஞ்சினோடு சேர்ந்து பெட்டிக்குள் வருகிறது. ஹோட்டலுக்குச் சாமான் ஏற்ற ஹட்டனுக்கு வரும் அழகன் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

ஞாயிற்றுக்கிழமை மின் நிலையத்தில் ஏதோ ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்போது ஹோட்டல் கூடத்தில் நம் மேசையில் பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் திரும்பி வந்ததும் யாரும் தொடாமலே நீல இஞ்சின் பாய்ந்து கிளம்பிவிட்டது. தலவாக்கலையில் நிற்கவில்லை, நானுஓயாவில் நிற்கவில்லை, பட்டிப்பொல சுரங்கத்தைத் தாண்டி வளைவில் போய்க் குப்புற விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி, காட்சியே அப்படித்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர்கள் முன்னால் அழவில்லை.

அதிலிருந்து முன்விளக்கு எரிகிறது, இஞ்சின் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. மெனேஜர் வந்து, "பொம்மைதானே, உள்ளுக்க என்ன பெரிய விஷயம் இருக்கு" என்று கேட்டார். "இஞ்சின் வயித்துக்குள்ள நகம் அளவுல ஒரு பலகை இருக்குங்க, அதுக்குப் பேரு டிகோடர். நாம கண்ட்ரோலர்ல சொல்றத அதுதான் கேட்டு ஓடும், நிக்கும், லைட் போடும். ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒரு நம்பர் இருக்கு, அந்த நம்பரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கும்" என்றேன். "அப்ப ரீசெட் பண்ணுங்க" என்றார், ஏதோ தன் போனைச் சொல்வதுபோல.

ரீசெட் ஆகவில்லை. காரணம் உனக்கே தெரியும். போன சீசனில் ஒரு விருந்தாளிப் பிள்ளை கண்ட்ரோலரை அமுக்கி எல்லா நம்பரையும் குழப்பியபோது, மூன்று இஞ்சினின் டிகோடருக்கும் நீதான் பூட்டுப் போட்டாய். சாவி நம்பரைப் போடாமல் உள்ளே எதையும் மாற்ற முடியாது, அந்த நம்பர் உன்னிடம்தான் இருக்கிறது. நான் சாவி கேட்கவில்லை. இஞ்சினைச் சரி பார்த்து அனுப்பு, அது போதும்.

ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து முதலாளிமார் வருகிறார்கள். அன்றைக்குத்தான் ரயிலை முறையாகத் திறந்து வைக்கிறார்கள். கண்ட்ரோலர் என் கையில் இருக்கும் என்று மெனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஹட்டனிலிருந்து பட்டிப்பொல வரை அந்த மேசையில் இருக்கிற ஒவ்வொரு அடித் தண்டவாளத்தையும் நாம் கையால் ஒட்டினோம். அதை இன்னொருவன் ஓட்டி நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இதை மட்டும் விட்டுக் கொடுக்கப்போவதில்லை.

ஜீவராணி


ஹட்டன்
19 பெப்ரவரி 2025

ஜீவராணிக்கு,

இஞ்சின் வந்தது. கடிதமும் வந்தது. கிழிக்கவில்லை, கடையில் போன் திருத்துகிற வேலை அதிகம்.

முதலில் சக்கரத்தைப் பார். மூடுபனி ஈரமும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாய் ஒட்டியிருக்கிறது. சக்கரம் இப்படி இருந்தால் டிகோடருக்கு நீ சொல்வது பாதிதான் போய்ச் சேரும். இஞ்சின் ஓடவில்லை என்றதும் நேரே ரீசெட்டுக்குத் தாவுகிறவள் நீ. முதலில் துடை, பிறகு தனித் தண்டவாளத்தில் வைத்து அது பதில் சொல்கிறதா என்று பார், கடைசியில்தான் ரீசெட். இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஓடிப்போனதற்குக் காரணம் வேறு. கரண்ட் திரும்பி வந்தபோது, நம் கண்ட்ரோல் பெட்டி விழிக்கும் முன்பே தண்டவாளத்தில் சாதா கரண்ட் கொஞ்சம் பாய்ந்திருக்கிறது. இந்த டிகோடருக்குப் பழைய காலத்து டிரான்ஸ்ஃபோமரிலும் ஓட அனுமதி உண்டு. அது அந்தக் காலத்து மேசை என்று நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் கிளம்பிவிட்டது. நான் ரீசெட் பண்ணி, அந்த அனுமதியை நிறுத்திவிட்டேன். இனி நம் கண்ட்ரோலர் சொன்னால் மட்டும்தான் ஓடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் அதே வியாதி இருக்கும், ஒவ்வொன்றாக அனுப்பு.

ரீசெட் பண்ணினால் எந்த இஞ்சினும் தன் நம்பரை மறந்து மூன்றாம் நம்பராகிவிடும், அது உனக்குத் தெரியும். நீலத்துக்கு மறுபடி பன்னிரண்டு கொடுத்திருக்கிறேன். அது தோட்டத்து லயத்தில் உங்கள் வீட்டுக் காம்பரா நம்பர் என்பதால் மாற்ற மனம் வரவில்லை.

பூட்டை மறுபடி போட்டுத்தான் அனுப்புகிறேன். சாவி அந்தக் கட்டடத்துக்குள் வராது. நவம்பரில் அந்த மெனேஜர் எல்லார் முன்னாலும், "இந்தப் பொம்மைக்கு ரெண்டு பேரு எதுக்கு, ஒரு ஆள் போதும்" என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினான். நீ கையில் கண்ட்ரோலரோடு நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக்கூட மறந்துவிடலாம். ரயிலைக்கூட நிறுத்தவில்லை நீ. நான் படியிறங்கும்போது அது சத்தமாய் ஓடிக்கொண்டிருந்தது.

உம்மா உன்னைக் கேட்டார். நான் சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டேன்.

ரஸீனா


நானுஓயா
26 பெப்ரவரி 2025

ரஸீனாவுக்கு,

நீலம் பூனை மாதிரி நடக்கிறது. அதற்கு நன்றி. மற்றதற்கு நன்றி கிடையாது.

ரயிலை நிறுத்தவில்லை என்கிறாய். எப்படி நிறுத்துவது? அது ஏற்றத்தில் எட்டுப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தது, பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தபோது நீ கேட்டைத் தாண்டிவிட்டாய். "ரஸீனா, நில்லுடி" என்று நான் கத்தியது காவல்காரருக்குக் கேட்டது, உனக்குக் கேட்கவில்லை. நீ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம்கூட முகத்தைத் திருப்பவில்லை. ஒரு ஆள் போதும் என்று அவன் சொன்னான், சரி. அந்த ஒரு ஆளைத் தனியாக விட்டுப் போனது யார்? மூன்று இஞ்சின், ஒரு மேசை, ஒழுகுகிற கூரை, நான். யார் யாரை விட்டார்கள் என்று நிதானமாக யோசி.

இப்போது புதுக் கதை கேள். மெனேஜர் நேற்றுக் கூப்பிட்டு ஒரு பையைக் கையில் கொடுத்தார். உள்ளே சிவப்புப் புடவை, கண்ணாடி வளையல், புதுப் பிரம்புக் கூடை. "திறப்பு விழா அன்னைக்கு இத உடுத்திக்கிட்டு மேசை பக்கத்துல நில்லுங்க. கூடைய நெத்தியில மாட்டிக்கிட்டு சிரிக்கணும். வாறவங்க போட்டோ எடுப்பாங்க" என்றார்.

"ரயிலை யாருங்க ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு தம்பிய எடுத்திருக்கோம். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோட நிப்பாரு. பாக்க லட்சணமா இருக்கும்."

நான் பையை மேசை மேல், கொட்டகலை ஸ்டேஷன் மேலேயே வைத்துவிட்டு, "முடியாதுங்க" என்றேன். அவருக்கு முடியாது என்று கேட்டுப் பழக்கமில்லை போல, கொஞ்ச நேரம் நான் மிச்சத்தைச் சொல்வேன் என்று காத்திருந்தார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த காம்பராவுக்குக் கேட்டிருக்கும். "இப்ப எவடி மலையில பிரம்புக் கூடை தூக்குறா? எல்லாருக்கும் நைலோன் பைதான், இடுப்புல நனையாம கட்டுற படங்குதான். நான் படங்கு கட்டிக்கிட்டு அட்டைக் கடியோட வந்து நின்னா போட்டோ எடுப்பாங்களா அந்த ஆளுங்க?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கொழுந்து பறிக்கிறது கேவலமில்ல. பறிக்காதவ பறிக்கிற மாதிரி நின்னு காட்டுறதுதான் கேவலம். நீ போடாத" என்று சொன்னார். அம்மா சண்முகவடிவு சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சிவப்பை அனுப்புகிறேன். பின்னால் போகும்போது உறுமுகிறது.

ஜீவராணி


ஹட்டன்
5 மார்ச் 2025

ஜீவராணிக்கு,

சிவப்பின் பல்சக்கரத்தில் தலைமுடி சுற்றியிருந்தது. நீளமான முடி. உன்னுடையது. தலையை முடிந்துகொண்டு வேலை செய் என்று சொன்னால் கோபம் வரும் உனக்கு. எடுத்துவிட்டேன், சாதா கரண்டில் ஓடுகிற அனுமதியையும் நிறுத்திவிட்டேன், பூட்டும் போட்டுவிட்டேன். கறுப்பையும் அனுப்பு.

கேட்டில் நீ கத்தியது எனக்குக் கேட்டது. கேட்டும்தான் திரும்பவில்லை. அன்றைக்குத் திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், அந்தக் கட்டடத்தின் முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை. இது உனக்கு விளக்கம் மட்டும். வருத்தப்படுகிறேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.

கூடை விஷயத்தைப் படித்ததும் கையிலிருந்த போனை வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றேன். திரை உடைந்த போனோடு வந்த வாடிக்கையாளர், "என்ன மிஸ், வீட்ல யாரும் மௌத்தாகிட்டாங்களா?" என்று கேட்டார். நாம் இரண்டு பேரும் ஒரே டெக்னிக்கல் காலேஜில் ஒரே பெஞ்சில் படித்தோம். அந்தப் படிப்புக்கும் அந்த மேசைக்கும் கூலி, உனக்குக் கூடை, எனக்குக் கேட். நன்றாகத்தான் பங்கு வைத்திருக்கிறான்.

ஒன்று சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள். நீ அந்தப் புடவையைக் கட்டினாய் என்று அழகன் அண்ணன் வாயால் கேட்டால், இனி உன் பெட்டி இந்தக் கடையில் திறக்கப்படாது. கட்டவில்லை என்றால் என்ன நடந்தாலும் எனக்கு எழுது.

நோன்பு தொடங்கிவிட்டது. பசியில் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் காரமாக இருக்கலாம். ஆனால் நோன்பு இல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

ரஸீனா


நானுஓயா
14 மார்ச் 2025

ரஸீனாவுக்கு,

கட்டவில்லை. பை இன்னும் மெனேஜர் அறையில் தொங்குகிறது.

கறுப்பு இஞ்சின் இதனோடு வருகிறது. அதன் கூடவே செய்தியும் வருகிறது, உட்கார்ந்து படி.

தொப்பிக்காரத் தம்பி வந்துவிட்டான். பெயர் திலக்ஷன், தலவாக்கலைப் பையன், கல்யாண வீடுகளில் அறிவிப்பாளன். அவன் மேல் கோபப்பட வந்தேன், முடியவில்லை. முதல் நாளே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஒங்க எடத்துல நிக்கப்போறேன்னு எனக்குச் சொல்லல. மைக்ல பேசணும்னுதான் சொன்னாங்க" என்றான். ரயில் எப்படி ஓடுகிறது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

மெனேஜருக்கு இப்போது பழைய நம்பர்கள் பிடிக்கவில்லை. நீலம் பன்னிரண்டு, சிவப்பு உங்கள் கடை நம்பர், கறுப்பு நாம் இரண்டு பேரும் சண்டை போட்டு வைத்த நம்பர். "தம்பிக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாத்துங்க. எல்லாத்தையும் ரீசெட் பண்ணுங்க" என்றார். உண்மையில் என் கையில்லாமல் ஓட வைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

"பூட்டியிருக்குங்க. சாவி ரஸீனாகிட்ட" என்றேன்.

"வாங்கிக் குடுங்க."

"நான் எப்படிங்க கேக்குறது? நீங்கதானே ஒரு ஆள் போதும்னு அனுப்புனீங்க. நீங்களே கேளுங்க, மரியாதையா கேளுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. விழா அன்று புடவை கட்டவில்லை என்றால் சீசனுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை என்றார். சீசனுக்கு முன்னாலேயே போய்விடவா என்று கேட்டேன், தன் அறைக்குப் போய்விட்டார். மூன்று இஞ்சினும் என் சொல்லைத்தான் கேட்கின்றன என்பது அவருக்கும் தெரியும்.

பயமாக இல்லை என்று எழுதினால் பொய். வீட்டில் அம்மாவின் முழங்கால் இனி மலை ஏறாது. என்றாலும் பயத்தோடு முடியாது என்று சொன்னாலும் அது முடியாதுதான். உனக்கு அவர் போன் பண்ணுவார். நீ என்ன சொல்கிறாயோ அது உன் இஷ்டம். நான் கெஞ்சவில்லை.

ஜீவராணி


ஹட்டன்
21 மார்ச் 2025

ஜீவராணிக்கு,

பண்ணினான். நோன்பு திறக்கிற நேரம் பார்த்து, கஞ்சிக் கோப்பையை வாயில் வைக்கும்போது பண்ணினான். உம்மா பக்கத்தில் இருந்ததால் நான் பேசியதில் பாதிதான் என் வழக்கமான பேச்சு.

"மிஸ், அந்தச் சாவி நம்பர் ஹோட்டல் சொத்து" என்று ஆரம்பித்தான்.

"இஞ்சின் ஹோட்டல் சொத்து. அதுதான் பத்திரமா திருப்பி அனுப்புறேனே. நம்பர் என் தலைக்குள்ள இருக்கு, தலையை நீங்க நவம்பர்லயே வேணாம்னு அனுப்பிட்டீங்க" என்றேன்.

"என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"ஜீவராணி கையில கண்ட்ரோலர் இருக்கணும். அவ அவளோட உடுப்புலதான் நிப்பா. நான் அவ பக்கத்துல நிப்பேன். அதுக்குப் பொறகு பூட்டைப் பத்திப் பேசலாம்."

கட் பண்ணிவிட்டான். உம்மா கஞ்சியை என் பக்கம் தள்ளி, "அந்தப் புள்ளைக்காக இவ்வளவு பேசுறாய், அந்தப் புள்ளையோட மட்டும் பேச மாட்டாய். என்ன மாதிரிப் பிடிவாதம் இது?" என்றார். கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

அவன் அடுத்து என்ன செய்வான் என்று யோசித்துப் பார்த்தேன். கண்ட்ரோல் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய டிரான்ஸ்ஃபோமர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவான். பூட்டு என்ன, நம்பர் என்ன, சாதா கரண்டில் ஓடட்டும் என்பான். செய்யட்டும். நீ தடுக்காதே, கிட்டவும் போகாதே. கறுப்பையும் இன்றைக்கு அதே மாதிரிச் சரி பண்ணிவிட்டேன். ஏன் கிட்டப் போக வேண்டாம் என்கிறேன் என்று உனக்குப் புரியும்.

ரஸீனா


நானுஓயா
2 ஏப்ரல் 2025

ரஸீனாவுக்கு,

பெருநாள் நன்றாக முடிந்திருக்கும். கறுப்பு இஞ்சின் பெட்டியில் பெருநாளுக்கு முன்னமே வட்டிலப்பம் வைத்து அனுப்பியது உம்மாவா நீயா? நீதான் என்று அழகன் அண்ணன் சொல்லிவிட்டார். இஞ்சின் புகைபோக்கியில் ஏலக்காய் மணக்கிறது. அம்மா மூன்று துண்டு சாப்பிட்டார்.

நீ எழுதிய மாதிரியே நடந்தது. திங்கட்கிழமை கண்டியிலிருந்து பழைய டிரான்ஸ்ஃபோமர் ஒன்று வந்தது. மெனேஜரே கோட்டைக் கழற்றிவிட்டு வயரை மாட்டினார். நான் வாசலில் கைகட்டி நின்றேன். திலக்ஷன் திருகைத் திருப்பினான். நீலம் அசையவில்லை. சிவப்பு அசையவில்லை. கறுப்பு, விளக்கைக்கூடப் போடவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னார், டிரான்ஸ்ஃபோமர்தான் சூடாகியது.

"செத்துப்போச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லைங்க. சாதா கரண்டுக்கு ஓடாத மாதிரி ரஸீனா நிறுத்தி வச்சிருக்கா. கரண்ட் போய் வந்தப்ப ஓடிப்போய் விழுந்துச்சே, அந்த வியாதிக்கு வைத்தியம். நீங்கதானே சரி பண்ணி எடுக்கச் சொன்னீங்க" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவர் மேசையின் பட்டிப்பொல முனையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விழாவுக்கு இன்னும் சில நாள்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஓடுகிற ரயிலைப் பார்க்கத்தான் வருகிறார்கள், தொப்பியைப் பார்க்க இல்லை. கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, "பையைக் கொண்டு போகச் சொல்லுங்க" என்றார், புடவைப் பையைக் காட்டி. "அந்த மிஸ்ஸையும் வரச் சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க" என்றேன். சொல்லியிருப்பார், அவர் குரலைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்கிறாய்.

ஆறாம் தேதி, ஞாயிறு காலை. ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கு, உண்மையான ரயில். ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன், மேசையை விட்டு நகர மாட்டேன். வந்தால் வா.

ஜீவராணி


ஹட்டன்
9 ஏப்ரல் 2025

ஜீவராணிக்கு,

நேரில் நின்று சொல்ல முடியாததை எழுதுகிறேன். அன்று எல்லார் நடுவிலும் நாம் ஹலோ என்று மட்டும் சொல்லிக்கொண்டோம், அதுவும் நீ விருந்தாளியிடம் சொல்வதுபோல.

நான் மேசையின் ஹட்டன் முனையில் நின்றேன். நீ பட்டிப்பொல முனையில், உன் பச்சைச் சுடிதாரில், கழுத்தில் கண்ட்ரோலரைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாய். தலையை முடிந்திருந்தாய், கவனித்தேன். மூன்று இஞ்சினும் ஓடின. திலக்ஷன் தொப்பியில்லாமல் மைக்கில் ஊர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளியின் மனைவி, அந்த நரைத்த தலை அம்மா, குனிந்து சிங்கமலை வளைவைப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார். மெனேஜர், "எங்க டீம் மேடம்" என்றார்.

அப்போது நீ சிவப்புப் பொத்தானை அமுக்கினாய்.

மூன்று ரயிலும் இருந்த இடத்திலேயே நின்றன. நீலம் பாலத்தின் நடுவில் நின்றது. மெனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓட்டுங்க மிஸ்" என்றார். நீ அவரைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவைப் பார்த்து முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில் சொன்னாய்: "இத ரஸீனாவும் நானும் செஞ்சோம். அந்தா நிக்கிறா." எல்லாரும் என் பக்கம் திரும்பும் வரை காத்திருந்தாய். கடைசி ஆள் திரும்பியதும்தான் ரயிலை விட்டாய்.

நவம்பரில் நிறுத்தாததை ஏப்ரலில் நிறுத்தினாய். இதற்கு மேல் எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை. ரயில் நின்றிருந்த அந்த நேரத்தில் என் கண் கலங்கியது, நீ பார்த்திருப்பாய். அந்தக் கட்டடத்துக்குள்தான் கலங்கியது, பரவாயில்லை.

வெளியே வரும்போது மெனேஜர் என்னிடம், "ரெண்டு பேருமே இருங்களேன்" என்றான். சனி ஞாயிறு மட்டும் வருவேன், கடை என்னுடையது, மற்ற நாள் கடையில்தான் இருப்பேன் என்று சொன்னேன். பூட்டு அப்படியே இருக்கும் என்றும் சொன்னேன். தலையாட்டினான்.

உம்மா கேட்டார், சமாதானமா என்று. இல்லை, வேலை என்று சொன்னேன்.

ரஸீனா


நானுஓயா
16 ஏப்ரல் 2025

ரஸீனாவுக்கு,

வருஷப் பிறப்புப் பலகாரம் அனுப்புகிறேன், உம்மாவுக்கு. நீ வேண்டுமானால் எடுத்துக்கொள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ கோபப்பட்டால் பட்டுக்கொள், எனக்கு இதில் வெட்கமில்லை.

இந்த வகை டிகோடருக்கு ஏழு சாவி நம்பர்தான் உண்டு. ஏழில் ஒன்று, அவ்வளவுதான். குரங்கு கரண்டைப் பிடுங்கிய மறுநாள் காலையிலேயே நீலத்தைத் தனித் தண்டவாளத்தில் வைத்து ஒன்றிலிருந்து போட்டுப் பார்த்தேன். நாலில் திறந்துவிட்டது. நாலாம் நம்பர் பஸ்ஸில்தான் காலேஜுக்குப் போனோம், யோசித்திருந்தால் முதலிலேயே நாலைப் போட்டிருப்பேன்.

திறந்தது. ரீசெட் பண்ண ஒரு பொத்தான்தான் மிச்சம். விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அதை நானே சரி பண்ணியிருந்தால், ஒரு ஆள் போதும் என்று அவன் சொன்னது சரியாகிப் போயிருக்கும். அதைச் சரியாக்க என் விரலைக் கொடுக்க நான் தயாராக இல்லை. அதனால்தான் பெட்டியில் வைத்து உனக்கு அனுப்பினேன், சாவி உன்னிடம்தான் இருக்கிறது என்று எழுதினேன், அவனிடமும் அதையே சொன்னேன்.

டிரான்ஸ்ஃபோமர் ஓடாமல் போன அன்று திலக்ஷன் என் காதோடு, "அக்கா, சாவி கொஞ்ச நம்பர்தானாமே, புத்தகத்துல பாத்தேன். போட்டுப் பாக்கவா?" என்று கேட்டான். "பாக்கலாம். பாத்தா ஒனக்குத் தொப்பி, எனக்குக் கூடை, ரஸீனாவுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி அலமாரிக்கு மேலே போட்டான். அவனுக்கும் ஒரு பொட்டலம் பலகாரம் கொடுத்தேன்.

சனிக்கிழமை சண்டைக்கு வா.

ஜீவராணி


ஹட்டன்
18 ஏப்ரல் 2025

ஜீவராணிக்கு,

எனக்குத் தெரியும்.

பெப்ரவரியில் முதல் பெட்டி வந்த அன்று நீலத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் படித்தபோது சாவி இடத்தில் நாலு உட்கார்ந்திருந்தது. திறந்துவிட்டு மூட மறந்திருந்தாய். அவசரக்காரி. பூட்டைத் திறக்கத் தெரிந்தவள், பூட்டியிருக்கிறது என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாளே என்று கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். பிறகு சாவி தர மாட்டேன் என்று உனக்குப் பதில் எழுதினேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் சிவப்பு வந்திருக்காது, கறுப்பு வந்திருக்காது.

மூன்றையும் மறுபடி நாலிலேயே பூட்டி அனுப்பினேன். வேறு நம்பர் போடக் கை வரவில்லை.

பலகாரம் உம்மாவுக்கு என்று எழுதியிருந்தாய். முறுக்கு முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன். போனில் உன் நம்பருக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். அதற்காக மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. நாளைக் காலை ரயிலில் வருகிறேன், போன் அடித்தால் எடு.

ரஸீனா